சோகைக்கு மாத்திரை மட்டும் போதுமா?

தாவணி என்பது மாடுகளை வரிசையாகக் கட்டிவைக்கும் கயிறு. அதிலிருந்துதான் மாட்டுச் சந்தைக்கே அந்தப் பெயர் வந்தது. மாட்டுத்தாவணி என்றவுடன் இன்றைய வாலிபர்களுக்கு 1999-ல் திறந்த பஸ் நிலையமும், பூ மார்க்கெட்டும், காய்கறி மார்க்கெட்டும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் சந்தையில் மாடு பிடித்த பெரியவர்கள் இன்னும் நம் கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: மாடு வாங்க வந்த சம்சாரி பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பார். பசு சினையாக இருந்தால் விலை கூடும். வீட்டுக்கு ஓட்டிப் போனபின் அதற்குத் தவிடும் புண்ணாக்கும் ஒரு பங்கு கூடுதலாகவே விழும்.

விடியுமுன் அதே மாட்டுத்தாவணியில் நின்று பாருங்கள். சுற்றுக் கிராமங்களில் பூவெடுத்துக் கட்டிக்கொண்டு வரும் பெண்கள், கூடை சுமக்கும் பெண்கள், பஸ் மாறி நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள். அவர்களில் ஐந்து மாதம், ஏழு மாதம் ஆன கர்ப்பிணிகள் உண்டு. ஒருவருடைய கீழிமையை மெல்ல இழுத்துப் பாருங்கள். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் சுண்ணாம்புச் சுவராய் வெளுத்திருக்கும். படியேறினால் மூச்சு வாங்கும், கால் வீங்கும், நெஞ்சு படபடக்கும். சினைமாட்டுக்குத் தீனி கூடுகிறது. கர்ப்பிணிக்கோ, வேலைக்குப் போக முடியாத நாளெல்லாம் கூலி போகிறது. கூலி போனால் தீனியும் போகிறது.

இது நமக்குத் தெரியாத விஷயமல்ல. ஆனால் ஏன் இப்படி ரத்தம் வெளுக்கிறது என்பதை நம் நாட்டுப் பஞ்சாலைப் பெண்களிடையே ஆராய்ந்து, உலகத்துக்கே ஒரு புதிய மருந்துக்கு வழி காட்டிய ஒரு வைத்தியரைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டதில்லை. அவருடைய ஆராய்ச்சியில் ஒரு பகுதி குன்னூரிலும் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் நடந்தது. அவர் பெயர் லூசி வில்ஸ்.

1888-ல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பக்கத்தில் பிறந்தவர். அவருடைய குடும்பம் அறுப்பரிவாள் செய்து விற்ற குடும்பம். (நம் கொடியில் உள்ள அரிவாளுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, அது வேறு பட்டறை.) வசதிக்குக் குறைவில்லை. 1911-ல் கேம்பிரிட்ஜில் தாவரவியலும் மண்ணியலும் படித்து முடித்தார். ஆனால் பெண்ணென்பதால் பட்டம் இல்லை! அந்தச் சர்வகலாசாலை பெண்களுக்கு ஆண்களோடு சமமாகப் பட்டம் கொடுத்தது 1948-ல்தான். சனாதனம் நம் ஊரில் மட்டும் இருந்த சரக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். பிறகு லண்டனில் பெண்களுக்கென்று நடந்த வைத்தியக் கல்லூரியில் சேர்ந்து 1920-ல் டாக்டரானார். சொந்தமாக மருந்தகம் வைத்துச் சம்பாதிக்கும் வழியை அவர் நாடவில்லை. ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியின் பரிசோதனைச் சாலையில் கர்ப்பிணிகளின் ரத்தத்தை ஆராயும் வேலையில் உட்கார்ந்தார்.

1928-ல் பம்பாய்க்கு வந்தார். அது எப்படிப்பட்ட வருஷம்! ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சுமார் ஒன்றரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் பம்பாயில் வேலைநிறுத்தம் செய்த வருஷம். கிர்ணி காம்கார் சங்கம் செங்கொடியோடு தலைநிமிர்ந்த வருஷம். மறு வருஷம் மார்ச்சில் அதன் தலைவர்களை மீரத் சதி வழக்கில் பிடித்துப் போட்டது வெள்ளை சர்க்கார். அதே 1928-ல்தான் பம்பாய் சட்டசபையில் பிரசவ சகாய மசோதாவின் மீது விவாதம் நடந்தது. டாக்டர் அம்பேத்கர் எழுந்து அதை ஆதரித்தார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது தேசத்துக்கே நன்மை என்றும், அந்தப் பெண்ணின் உழைப்பால் லாபம் அடையும் முதலாளி அந்தச் செலவில் பங்கேற்பது நியாயம் என்றும் வாதாடினார். 1929-ல் அது சட்டமாயிற்று. சென்னை மாகாணத்தில் இப்படியொரு சட்டம் வர 1934 ஆயிற்று. மதுரையில் ஹார்வி மில் தொடங்கிய ஆண்டு 1892 என்பதை இதோடு சேர்த்துக் கணக்குப் போட்டால், ஒரு தலைமுறைக்கும் மேலாக நம் பெண்கள் எந்தச் சட்டப் பாதுகாப்பும் இல்லாமல் பிள்ளை பெற்றுக்கொண்டு தறிக்கும் கதிருக்கும் திரும்பினார்கள் என்று தெரியும்.

இந்தப் பம்பாயில்தான், மார்கரெட் பால்ஃபோர் என்ற பெண் வைத்தியரின் அழைப்பின் பேரில், தாய்மார் சாவைப் பற்றிய விசாரணையில் லூசி வில்ஸ் சேர்ந்தார். ஹாஃப்கின் ஆராய்ச்சி நிலையம் அவருக்கு இடம் கொடுத்தது. கர்ப்பிணிகளுக்கு ஒருவகைக் கடும் சோகை வந்து, பலர் பிரசவத்துக்கு முன்போ பின்போ செத்துக்கொண்டிருந்தார்கள். துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். சாதாரணச் சோகையில் ரத்தத்தின் சிவப்பணு சிறுத்துப்போகும். இதிலோ அணு பருத்திருக்கும், எண்ணிக்கை குறைந்திருக்கும். செங்கல் அறுக்கும் தோழர்களுக்கு இது சுலபமாக விளங்கும். களிமண் இருக்கிறது, ஆனால் அச்சு சரியில்லை. கல் பெரிதாக, பச்சையாக, வேகாமல் வெளியே வருகிறது. அப்படிப்பட்ட கல்லை வைத்துச் சுவர் எழுப்ப முடியுமா?

காரணம் என்ன? கிருமி என்றார்கள் சிலர். கர்ப்பத்தின் விஷம் என்றார்கள் சிலர். உஷ்ண தேசத்தின் சீதோஷ்ணம் என்று சொல்லிக் கையை விரித்தவர்களும் உண்டு. ஏகாதிபத்தியத்துக்கு இது வசதியான பதில். வெயிலை யார் மாற்ற முடியும்? லூசி வில்ஸும் கிருமி உண்டா என்று தேடித்தான் பார்த்தார். ஆனால் அதோடு நிற்காமல் இன்னொரு கேள்வியும் கேட்டார்: இந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள்?

கேள்வி சாதாரணமானது. நம் வீட்டுக் கிழவிகள் கேட்பது. ஆனால் ஆராய்ச்சிக்காரர் கேட்டால் கணக்கோடு கேட்க வேண்டும். பம்பாயின் பல வகுப்புப் பெண்களின் ஆகாரத்தை அவரும், மேத்தா, தல்பாடே போன்ற இந்திய ஆராய்ச்சியாளர்களும் விசாரித்தார்கள். யாருடைய சாப்பாடு மிகவும் கேவலமாக இருந்ததோ அவர்களிடையேதான் இந்தச் சோகை அதிகமாக இருந்தது. பம்பாயில் அது ஏழை முஸ்லிம் பெண்கள். மதம் காரணமல்ல, தட்டில் என்ன விழுந்தது என்பதே காரணம். பழமில்லை, கீரையில்லை, பாலில்லை.

ஆனால் கணக்கு காட்டினால் மட்டும் விஞ்ஞானம் ஒப்புக்கொள்ளாது. 1929 கோடையில் குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கு வந்தார். அங்கே ராபர்ட் மக்கரிசன் என்பவர் எலிகளுக்கு நம் நாட்டின் பல பிரதேசத்து ஆகாரத்தையும் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி தின்ற எலி கொழுத்தது; தீட்டிய அரிசியும் ரசமுமாகத் தின்ற 'மதராஸ்' எலி நோஞ்சானாயிற்று. (அந்தப் பரிசோதனைச் சாலைதான் பிற்பாடு ஹைதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிலையமாயிற்று.) லூசி வில்ஸும் பம்பாய்ப் பெண்களின் ஆகாரத்தை எலிகளுக்குக் கொடுத்தார். கர்ப்பமான எலிகளுக்குச் சோகை வந்தது. தீனியோடு ஈஸ்ட் சேர்த்தால் தப்பின. கண்டுபிடித்தாயிற்று என்று மார்தட்டியிருக்கலாம். ஆனால் எலிகளின் சோகைக்குப் பேன் பரப்பிய ஒரு தொற்றும் காரணம் என்று பிறகு தெரியவந்தது. எலி ஏமாற்றிவிட்டது! அதை மறைக்காமல் எழுதிவைத்துவிட்டு மேலே நடந்தவர் அவர். தப்புக் கணக்கை ஒப்புக்கொள்ளும் இந்தக் குணம் நம் ஸ்தாபனங்களுக்கும் வேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்னொரு கொடிய சோகைக்கு ஈரல் மருந்தாகியிருந்தது. 1926-ல் அதைக் காட்டிய மைனாட், மர்ஃபி ஆகியோருக்கும், அவர்களுக்கு முன்னோடியான விப்பிளுக்கும் 1934-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஈரல் சாரம் பம்பாய்ப் பெண்களுக்கும் கேட்கத்தான் செய்தது. ஆனால் அந்த விலைக்கு எந்த மில் தொழிலாளி வாங்குவார்? அதனால் மலிவான பொருள் ஏதாவது உண்டா என்று அவர் தேடினார். வைட்டமின் 'ஏ', வைட்டமின் 'சி' கொடுத்துப் பார்த்தார், பயனில்லை. கடைசியில் மார்மைட் என்ற கறுப்புக் குழம்பைக் கொடுத்தார்.

மார்மைட் என்பது என்ன? ஆப்பமாவைப் பொங்கவைக்கக் கள் ஊற்றுவார்களே, அந்தக் கள்ளில் நொதிக்கும் நுண்ணுயிர்தான் ஈஸ்ட். பீர் காய்ச்சும் ஆலைகளில் அது அடியில் மண்டியாக மிஞ்சும். அதைக் கரைத்துச் சுண்டக் காய்ச்சி, ரொட்டியில் தடவித் தின்பதற்கென்று 1902 முதல் இங்கிலாந்தில் விற்றுவந்தார்கள். சாராய ஆலைக் கழிவு! அதைச் சாப்பிட்ட பெண்களுக்குச் சில நாட்களிலேயே பசி திரும்பியது. ரத்தம் ஊறத் தொடங்கியது. சாகக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

1931 ஆரம்பத்தில் சென்னைத் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். அதன் அன்றைய பெயரில் 'சாதி மற்றும் கோஷாப் பெண்களுக்கான ஆஸ்பத்திரி' என்று எழுதியிருந்தது. சாதி இந்துப் பெண்களுக்கும் பர்தாவில் உள்ள முஸ்லிம் பெண்களுக்கும் என்று அர்த்தம். சேரிப் பெண்ணுக்கு அந்தப் பெயர்ப் பலகையில் இடமில்லை. இப்போது அது கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரி. ஜனங்கள் வாயில் இன்னும் கோஷா ஆஸ்பத்திரிதான். அந்த ஆண்டு ஜூன் மாதம் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' பத்திரிகையில் அவருடைய கட்டுரை வெளியாயிற்று. ஈஸ்டிலும் ஈரலிலும் இதுவரை பெயர் தெரியாத ஒரு சத்து இருக்கிறது, அது இல்லாமற்போனதால் வருவதே இந்தச் சோகை என்பது அந்த ஆராய்ச்சியின் சாரம். 'வில்ஸ் காரணி' என்று வைத்தியர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். 1941-ல் அமெரிக்காவில் டன் கணக்கான பசலைக் கீரையிலிருந்து ஒரு துளி சத்தைப் பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லைக் கொண்டு 'ஃபோலிக் அமிலம்' என்றார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று பின்னால் தெளிவாயிற்று. 1945-ல் அதை ரசாயன முறையில் தயாரித்துக் காட்டிய லெடர்லி ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்துக்காரர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தினார் என்பதற்காக வெள்ளைக்கார ஆசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதில் கீழ்த்தரச் சான்றிதழோடு வெளியேற நேர்ந்தவர். 1948-ல் காலமானார். பம்பாய் மில் பெண்ணின் ரத்தத்தில் தொடங்கிய தேடல், மதராசில் பட்டம் மறுக்கப்பட்டவரின் கூடத்தில் மாத்திரையாகி முடிந்தது.

இந்த இடத்தில் இலங்கையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 1934-35-ல் அங்கே மலேரியா கொள்ளையாகப் பரவி 80,000-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இடதுசாரி வாலிபர்கள் கிராமம் கிராமமாக மருந்து கொண்டு போனார்கள். பிற்காலத்தில் கம்யூனிஸ்ட் தலைவரான டாக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க அவர்களில் ஒருவர். கொய்னா மட்டும் கொடுத்தால் போதாது, ஜனங்கள் பட்டினியால் செத்த உடம்போடு இருக்கிறார்கள் என்று கண்டு, அவர்கள் மார்மைட்டையும் உருட்டி மாத்திரையாகக் கொடுத்தார்கள். என்.எம். பெரேரா மூட்டை மூட்டையாகப் பருப்பு விநியோகித்தார். ஜனங்கள் அவரைப் 'பருப்பு மாத்தயா' என்றே அழைத்தார்கள். மருந்தும் பருப்பும் ஒரே கையில்! நாம் சொல்ல வந்த விஷயமே இதுதான்.

லூசி வில்ஸ் 1933-ல் லண்டனுக்குத் திரும்பினார். 1937 கடைசியில் மறுபடியும் பம்பாய்க்கு வந்து சில வாரம் வேலை செய்தார். 1947-ல் ஓய்வுபெற்ற பிறகும் ஓயவில்லை. ஜமைக்கா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா என்று போய் ஆகாரத்தையும் சோகையையும் ஆராய்ந்தார். இந்த மூன்றும் நம் நாட்டு ஏழைகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோய்க் கரும்புத் தோட்டத்தில் இறக்கிய இடங்கள் என்பது நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாழ்க்கையின் கடைசிப் பத்து வருஷம் செல்சி நகரசபையில் தொழிற்கட்சி உறுப்பினராக இருந்தார். 1964-ல் காலமானார். நுண்பெருக்கியில் நாற்பது வருஷம் ரத்தம் பார்த்தவர் கடைசியில் நகரசபைக்கு ஏன் போனார் என்பதை அவர் எழுதிவைத்து நாம் படித்ததில்லை. ஆனால் நமக்கு அது ஆச்சரியமாகப் படவில்லை.

சரி, மாத்திரை வந்தது. இன்று இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இனாம். கர்ப்பிணிக்குக் குறைந்தது 180 மாத்திரை என்று விதி. கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் கொடுத்தால் குழந்தையின் முதுகுத்தண்டுக் கோளாறுகளில் பெரும்பகுதியைத் தடுக்கலாம் என்று 1991-ல் பிரிட்டிஷ் ஆராய்ச்சி ஒன்று காட்டியது. தமிழ்நாடு இதில் பின்தங்கிய மாநிலமும் அல்ல. பிரசவங்கள் அநேகமாக எல்லாமே ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. தாய்மார் சாவு தேச சராசரியைவிட வெகுவாகக் குறைவு. இதற்காகக் கிராம சுகாதார நர்ஸம்மாக்கள் வெயிலில் நடந்த நடை கொஞ்சமல்ல. அதை மறுப்பது நியாயமாகாது.

ஆனாலும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்குச் சோகை. பாதிக்குப் பாதி! நாலு வருஷத்துக்கு முந்திய கணக்கைவிட இது குறையவில்லை, ஏறியிருக்கிறது. மருந்து கண்டுபிடித்து எண்பது வருஷம் ஆனபின் இந்த நிலை என்றால், பெண்கள் மாத்திரையை விழுங்குவதில்லை, அறியாமை என்று பழியை அவர்கள் மேலேயே போட்டுவிட்டு அதிகாரிகள் போய்விடுகிறார்கள்.

விழுங்குவதில்லை என்பது ஓரளவு உண்மைதான். குமட்டுகிறது, மலம் கறுக்கிறது, கட்டுகிறது என்று தாய்மார்கள் சொல்கிறார்கள். வெறும் வயிற்றில் அந்த மாத்திரையைப் போட்டுப் பார்த்தால் தெரியும்! காலையில் ஒரு டீயோடு களையெடுக்க இறங்கும் பெண்ணுக்கு வயிற்றில் வேறென்ன இருக்கிறது? அந்த டீயும் இரும்புச்சத்தை உடம்பில் ஒட்டவிடாது. செருப்பில்லாமல் வயலில் நிற்கிற காலில் கொக்கிப்புழு ஏறி, ஊறுகிற ரத்தத்தையும் குடிக்கிறது. ஆகாரத்தில் பருப்பும் கீரையும் முட்டையும் இல்லாத உடம்புக்கு மாத்திரை, ஓட்டைக் குடத்துக்கு ஊற்றின தண்ணீர் மாதிரி.

பம்பாயில் 1929-ல் கண்டதை நம் சர்க்கார்கள் பாதிதான் படித்திருக்கின்றன. சத்தின் பெயரைப் படித்துக்கொண்டார்கள். அந்தச் சத்து ஏன் அந்தப் பெண்ணின் தட்டில் இல்லாமற்போயிற்று என்ற மறு பாதியைப் படிக்கவில்லை. 2013-ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம், கர்ப்பிணிக்கு 6,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்றது. 2017-ல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த திட்டம் முதல் பிள்ளைக்கு 5,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. சட்டத்துக்கும் திட்டத்துக்கும் நடுவில் ஆயிரம் ரூபாய் எங்கே போயிற்று? மாநிலத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலுள்ள மகப்பேறு உதவி 18,000 ரூபாய் என்பது நல்லதுதான். ஆனால் தவணை தவணையாக, சிலருக்குக் குழந்தை தவழ ஆரம்பித்த பிறகு வந்து சேர்கிறது என்று நம் தோழர்கள் சொல்கிறார்கள். கர்ப்பத்தில் தின்ன வேண்டிய பருப்பைக் குழந்தை தவழும்போது வாங்கி என்ன செய்வது?

மில்லில் வேலை செய்யும் பெண்களுக்கு 2017 திருத்தத்தால் 26 வார விடுப்பு, சம்பளத்தோடு. படிக்க நன்றாயிருக்கிறது. திண்டுக்கல், விருதுநகர்ப் பக்கத்து நூற்பாலைகளில் கான்ட்ராக்டர் பெயரில் வேலை செய்யும் எத்தனை பெண்களுக்கு அது கிடைக்கிறது? வயிறு தெரிய ஆரம்பித்ததும் 'வீட்டுக்குப் போய்ப் பெற்றுவிட்டு வாம்மா' என்று சொல்லி நிறுத்திவிடுவது நாம் அறிந்ததே. திரும்பி வந்தால் புது ஆள், புதுக் கூலி. விவசாயக் கூலிப் பெண்ணுக்கோ முதலாளியே நிலையில்லை. இன்று ஒரு வயல், நாளை ஒரு வயல். விடுப்பை யாரிடம் கேட்பது? சர்க்காரிடம்தான் கேட்க வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதமும் பிரசவத்துக்குப் பின் மூன்று மாதமும், நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குச் சமமான தொகை மாதாமாதம் கைக்கு வர வேண்டும். ரேஷனில் இப்போது கொடுக்கும் ஒரு கிலோ துவரம்பருப்போடு கர்ப்பிணி உள்ள வீட்டுக்கு மேலும் இரண்டு கிலோ பருப்போ பாசிப்பயறோ கொடுக்க வேண்டும். காலியாகக் கிடக்கும் கிராம சுகாதார நர்ஸ் இடங்களை நிரப்ப வேண்டும். இவை நம் கோரிக்கைகள்.

அதுவரை கையில் உள்ளதை விட்டுவிடக்கூடாது. மாத்திரையை ராத்திரிச் சோற்றுக்குப் பின் போடுங்கள், டீயோடு வேண்டாம். மலம் கறுத்தால் பயப்பட வேண்டாம். முருங்கைக் கீரையும் அகத்திக் கீரையும் வேலியில் நிற்கிறது. குழைய வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் லூசி வில்ஸ் தேடிய சத்து வாய்க்காலில்தான் போகும். ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை: கடைசியாகச் சாப்பிட உட்காருகிறவர் சட்டியில் மிஞ்சியதைத்தான் சாப்பிடுகிறார். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவருக்கு முதலில் பரிமாறுங்கள். இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரங்களில் உள்ள விவசாயத் தொழிலாளர் கிளைகளும், ஆலைத் தொழிலாளர் கிளைகளும் இந்த மாதத்துக்குள் ஒரு கணக்கு எடுக்க வேண்டும். உங்கள் ஊரில் அல்லது உங்கள் ஆலையில் எத்தனை கர்ப்பிணிகள், அவர்களின் ரத்த அளவு பரிசோதனைச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, உதவித்தொகை எத்தனையாவது மாதத்தில் வந்தது, வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று. பெயர் எழுத வேண்டாம், எண்ணிக்கை போதும். கணக்கெடுக்கப் பெண் தோழர்களே போக வேண்டும். வந்து சேரும் கணக்கை ஒன்றாகத் தொகுத்து மாவட்ட ஆட்சித் தலைவரிடம் மனுவாகக் கொடுப்போம். அதே கணக்கு இந்தப் பத்திரிகையிலும் வெளிவரும்.